முதல் கேசட் எது? ரெக்கார்டிங் சென்டரில் பதிந்து வாங்கியதும் கணக்கில் சேருமா?

தேரிக்காட்டான்

இந்தப் பிரிவில் ராகம், பின்னணி இசை, யார் பெரியவர் என்றெல்லாம் நிறைய இழைகள் ஓடுகின்றன. சொந்தமாகக் கைக்கு வந்த முதல் இசைத் தொகுப்பு எது என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. தொடங்கிவைக்கிறேன். ரேடியோவில் கேட்டது, கல்யாண வீட்டு மைக்செட்டில் கேட்டது, அண்ணன் வாங்கிப் பூட்டி வைத்திருந்தது எல்லாம் வேண்டாம். உங்கள் காசில் வாங்கியது, இல்லையென்றால் உங்களுக்கென்றே ஒருவர் வாங்கித் தந்தது.

என்னுடையது ஒரு சோனி சி-60 கேசட். சாத்தான்குளம் பஜாரில் ரெக்கார்டிங் சென்டரில், அதாவது காலி கேசட்டில் பாட்டுப் பதிந்து தருகிற கடையில், பதிந்து வாங்கியது. 'முதல் மரியாதை' வந்த சமயம், 1985. படம் பார்த்த மறுநாளிலிருந்து அந்தப் பாட்டுகள் இல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் பக்கத்தில் அதுவரை இலங்கை வானொலிதான் எல்லாம். அவர்கள் எப்போது போடுவார்களோ அப்போதுதான் பாட்டு. நினைத்த நேரத்தில் கேட்க வேண்டுமானால் கேசட்தான் வழி. பனங்கிழங்கு விற்ற காசில் அம்மா கொடுத்தாள். காலி கேசட்டையும் படத்தின் பெயர் எழுதிய சீட்டையும் கடையில் கொடுத்தேன்.

கடைக்கார அண்ணாச்சி, "ஒரு பக்கத்துலயே இது முடிஞ்சிரும்ல, மறுபக்கம் என்ன போடட்டும்?" என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "சரி, நான் ஒண்ணு போட்டுத் தாரேன், பிடிக்கலன்னா வந்து அழிச்சிக்கோ" என்றார். அவர் போட்டுத் தந்தது 'சிந்து பைரவி'.

எங்கள் வீட்டில் கர்நாடக சங்கீதம் கேட்டவர்கள் ஒருவரும் கிடையாது. அந்தப் பக்கத்தைக் கேட்டதற்கு ஒரே காரணம், அது என் கேசட்டில் இருந்தது என்பதுதான். ஏ பக்கம் முடிந்தால் பிறகு பி பக்கம்தானே! 'பாடறியேன் படிப்பறியேன்' என்று நாட்டுப்புறப் பாட்டாக ஆரம்பித்து, அப்படியே 'மரி மரி நின்னே' என்கிற தியாகராஜர் கீர்த்தனைக்குள் சித்ரா நுழைகிற இடம் வரும். படத்தில் இரண்டையும் சாரமதி என்கிற ஒரே ராகத்தில் அமைத்திருக்கிறார்கள் என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. ஆனால் அந்த இடத்தில் உடம்பு சிலிர்த்தது முதல் வாரத்திலேயே. அதுவும் முழுதாகக் கிடைக்கவில்லை. பக்கம் போதாமல் கீர்த்தனையின் நடுவிலேயே டேப் முடிந்துவிடும். 'முதல் மரியாதை'யை நானாகத் தேடிப் போனேன். மற்றது தானாக வந்து ஒட்டிக்கொண்டது. இன்றைக்கு என் காதுக்கு ராகம் தெரிகிறதென்றால் அது அந்த அண்ணாச்சியின் புண்ணியம்.

உங்களுடையதைச் சொல்லுங்கள்.

---

ஊசியும்தட்டும்

நல்ல இழை. சொன்ன விதமும் பிடித்தது. ஆனால் ஒரு விஷயத்தில் எனக்குக் கருத்து வேறு. ரெக்கார்டிங் சென்டரில் பதிந்தது உங்கள் கேசட்தான், ஆனால் அதை ஆல்பம் என்று கணக்கில் சேர்க்க மாட்டேன். ஆல்பம் என்றால் அதைச் செய்தவர்கள் ஒரு வரிசை வைத்திருப்பார்கள். எந்தப் பாட்டு முதலில், எதற்குப் பிறகு எது, எங்கே பக்கம் திருப்ப வேண்டும் என்பதெல்லாம் யோசித்து வைத்தது. உறை இருக்கும், உறையில் பெயர்கள் இருக்கும். வயலின் யார், புல்லாங்குழல் யார், எந்த ஆண்டு என்று. இது ஒன்றும் இல்லாமல் பாட்டு மட்டும் கைக்கு வந்தால் வேலை செய்தவன் பெயர் வழியிலேயே தொலைந்துபோகிறது.

என் முதல் தொகுப்பு இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்'. 1986. மவுண்ட் ரோட்டில் வாங்கினேன். சம்பளம் வாங்க ஆரம்பித்த புதிது. அது சினிமா இல்லை என்பது தெரிந்தேதான் வாங்கினேன். வீட்டில் எல்லோரும் கேட்ட கேள்வி, "பாட்டே இல்லாம எதுக்கு இது?" என்பதுதான்.

தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாக்குக்கும் காணிக்கை என்று உறையிலேயே போட்டிருப்பார்கள். இந்த இரண்டு பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சில் பார்த்ததே எனக்கு அதுதான் முதல் தடவை. தனி வயலின் வி. எஸ். நரசிம்மன். ஒரு உருப்படியைப் பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றதெல்லாம் கேட்டுக்கொள்ளுங்கள். 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்று ஒன்று. பாக் தனி வயலினுக்கென்று எழுதிய மூன்றாவது பார்ட்டிட்டா என்கிற இசைத் தொகுதியின் முன்னுரைப் பகுதி அதில் ஓடும். இடைவெளியே விடாமல் ஓடுகிற ஸ்வரக் கோவை அது, மூச்சு விட இடம் கிடையாது. அதன்மேல் ராஜா தன்னுடைய வரிகளைப் பின்னிக்கொண்டே போவார். பாக்கின் ஒரு ஸ்வரத்தையும் நகர்த்தவில்லை, ஆனாலும் அது வேறொன்றாக மாறிவிடும். அடுத்ததாக வரும் உருப்படியின் பெயர் 'அண்ட் வீ ஹேட் எ டாக்'. வீட்டில் சந்தித்தேன், பிறகு பேசிக்கொண்டிருந்தோம். இந்த இரண்டும் அடுத்தடுத்து இருந்தால்தான் கதை. பிரித்து வேறொரு கேசட்டில் ஒன்றைப் பதிந்தால் போச்சு. நான் வரிசை, வரிசை என்று சொல்வது இதைத்தான்.

இரண்டு வருடம் கழித்து, 1988-இல், ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு 'நத்திங் பட் விண்ட்' வந்தது. அதையும் வாங்கினேன். ஆனாலும் முதலாவது முதலாவதுதான்.

---

தேரிக்காட்டான்

ஐயா, வரிசை பற்றிச் சொன்னது சரி. ஆனால் நீங்கள் மவுண்ட் ரோட்டில் நின்று பேசுகிறீர்கள். எங்கள் ஊரில் எல்பி இசைத்தட்டு என்பது ரெக்கார்டிங் சென்டர் சுவரில் மாட்டி வைத்திருப்பதைப் பார்ப்பதோடு சரி. தட்டு வாங்கினாலும் ஓட்டுவதற்குப் பெட்டி யார் வீட்டில் இருந்தது? ஒரிஜினல் கேசட் திருநெல்வேலியில் கிடைக்கும், நாங்கள் கேட்ட படம் இருக்காது. தென்மாவட்டத்துக் கிராமங்களில் எண்பதுகளில் பாட்டு பரவியதே பதிந்த கேசட்டில்தான். அதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் எங்களில் பாதிப் பேருக்கு முதல் ஆல்பமே இல்லாமல் போய்விடும்.

---

காவிரிப் படித்துறை

இந்த இடத்தில் நான் பேசியே ஆக வேண்டும். ஈரோட்டில் எண்பதுகளின் நடுவில் தொடங்கி, சிடி வந்து கடையை மூடும்வரை ரெக்கார்டிங் சென்டரில் வேலை பார்த்தவன் நான். "போட்டுத் தாரேன்" என்கிற அந்த வேலை எப்படி நடந்தது என்று சொல்கிறேன். வரிசை உண்டா இல்லையா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

சி-60 என்றால் மொத்தம் அறுபது நிமிடம், பக்கத்துக்கு முப்பது. சினிமாப் பாட்டு ஒன்று நாலரை நிமிடம் என்று வைத்தால் பக்கத்துக்கு ஆறு, கொஞ்சம் சின்னப் பாட்டுகளாக இருந்தால் ஏழு. வாடிக்கையாளர் சீட்டில் பதினைந்து எழுதிக்கொண்டு வருவார். எதை எடுப்பது என்று அவரிடமே கேட்போம். "எதையாவது எடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார் என்றால் பொறுப்பு எங்கள் தலையில். எல்பி லேபிளில் ஒவ்வொரு பாட்டுக்கும் நிமிடம், நொடி போட்டிருக்கும். அதைக் கூட்டித்தான் முடிவு செய்வோம். கடையில் ஒரு நோட்டு உண்டு, எந்தப் பாட்டு எத்தனை நிமிடம் என்று அகரவரிசையில் எழுதி வைத்தது. அந்த நோட்டை முதலாளி வேறு யாருக்கும் தரமாட்டார்.

புதுத் தட்டு வந்ததும் முதல் வேலை, அதை ஒரே ஒரு தடவை ஓட்டி நல்ல டேப்பில் ஏற்றிக்கொள்வது. எங்கள் கடையில் ஸ்பூல், அதாவது பெரிய சக்கரத்தில் சுற்றிய டேப், இருந்தது. சில கடைகளில் குரோம் கேசட். அதற்குப் பிறகு வருகிறவர்களுக்கெல்லாம் அதிலிருந்துதான். தட்டில் ஊசி ஓட ஓடத் தேயும், கீறல் விழுந்தால் டக் டக் என்று எல்லாக் கேசட்டிலும் அது ஏறிவிடும். பதிகிறபோது விஷயமெல்லாம் லெவலில், அதாவது எவ்வளவு ஒலியோடு ஏற்றுகிறோம் என்பதில்தான் இருக்கிறது. மீட்டரின் முள் சிவப்புப் பக்கம் அதிகம் போனால் ஒலி உடையும், ரொம்பக் குறைத்தால் இரைச்சல் மேலே வரும். ராஜா பாட்டு என்றால் பாட்டின் ஆரம்பத்தில் வைத்த லெவலை நம்பக் கூடாது. முதல் சரணத்துக்கு முன்னால் வயலின்கள் கூட்டமாக எழும்பும்போது முள் எகிறும். அதனால் அந்தப் பாட்டை முழுதும் மனப்பாடமாகத் தெரிந்தவன்தான் நன்றாகப் பதிய முடியும்.

இரண்டு பாட்டுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. சோகப் பாட்டு முடிந்ததும் உடனே குத்துப்பாட்டு வந்தால் கேட்கிறவருக்கு எரிச்சல் வரும். நடுவில் ஒரு மெலடி வைப்போம். கிராமத்து டூயட்டுக்குப் பக்கத்தில் டவுன் டூயட்டை வைக்க மாட்டோம். பக்கத்தின் கடைசியில் ஒன்றரை நிமிடம் மிச்சமிருந்தால் காலியாக விடுவதில்லை, ஒரு படத்தின் டைட்டில் இசையைப் போட்டு நிரப்புவோம். மேலே அந்தத் தம்பிக்கு 'சிந்து பைரவி' போட்டுக் கொடுத்த அண்ணாச்சி ஏதோ கைக்குக் கிடைத்ததைப் போட்டிருக்க மாட்டார். கிராமத்துப் பாட்டு விரும்பிக் கேட்கிற பையனுக்கு, கிராமத்துப் பாட்டும் கச்சேரியும் சேர்ந்த ஒன்றைக் கொடுத்திருக்கிறார். அதே ஆண்டில் வந்தது, பாடியவர்களிலும் ஒற்றுமை உண்டு, 'அந்த நிலாவத்தான்' சித்ராதானே.

ஊசியும்தட்டும் ஐயா, உறையில் பெயர் இருக்காது என்றீர்கள். எங்கள் கடையில் பாடகர் பெயர் கண்டிப்பாக எழுதுவோம். எனக்குக் கையெழுத்து நன்றாக இருந்ததால்தான் அந்த வேலையே கிடைத்தது. 0.3 ரோட்ரிங் பேனா, கறுப்பு மை. படம், பாட்டின் முதல் வரி, பாடியவர், மூன்றும். வாத்தியக்காரர் பெயர் எழுத வழியில்லை. சினிமாத் தட்டு உறையிலேயே அன்றைக்கு அது இருக்காது.

---

வைகைக்கரை

பெண்கள் யாரும் எழுதவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் டேப் ரிக்கார்டர் இருந்தது. சவூதியிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த நேஷனல் டூ-இன்-ஒன். அதற்கு அம்மா தைத்த ஒரு உறை, பூத்தையல் போட்டது. அண்ணன்கள் மட்டும்தான் தொடலாம். நான் பாட்டு மாற்றப் போனால் "ரிப்பேராக்கிடுவ" என்பார்கள். ரேடியோ பக்கம் மட்டும் எனக்கு அனுமதி.

பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்து முதல் சம்பளம் வந்ததும் மேலமாசி வீதியில் போய் ஒரிஜினல் கேசட் ஒன்று வாங்கினேன். 'கிருஷ்ண கானம்'. கண்ணதாசன் எழுதி எம்.எஸ்.வி. இசையமைத்தது, டி.எம்.எஸ். பாடிய 'புல்லாங்குழல் கொடுத்த மூங்கில்களே', எஸ்.பி.பி. பாடிய 'ஆயர்பாடி மாளிகையில்' எல்லாம் உள்ளது. பக்திக் கேசட் என்பதால் வீட்டில் யாரும் வேண்டாமென்று சொல்ல முடியாது, அதையும் யோசித்துத்தான் வாங்கினேன். பெட்டி அவர்களுடையது, ஆனால் கேசட் என்னுடையது. "என் கேசட்டை நான் போட்டால்தான் சரியா இருக்கும்" என்று சொல்லி அன்றைக்குத்தான் அந்த பிளே பட்டனை முதன்முதலாக அழுத்தினேன். நல்ல கெட்டியான பட்டன், கட்டைவிரலால் அழுத்தினால் டொக்கென்று உள்ளே போய் நிற்கும்.

பாட்டின் அருமையைச் சொல்லவும் ஆசையாக இருக்கிறது. 'ஆயர்பாடி'யில் எஸ்.பி.பி. குரலை உயர்த்தவே மாட்டார். தூங்குகிற குழந்தை எழுந்துவிடக் கூடாது என்கிற பதமான குரல், முழுப் பாட்டும் அப்படியே. மேடையில் உச்சத்தில் பாடிக் கைதட்டு வாங்குகிற ஒருவர் இவ்வளவு அடங்கிப் பாடியிருக்கிறாரே என்று இன்றைக்கும் ஆச்சரியம்தான். என் இரண்டு பிள்ளைகளும் அதைக் கேட்டுத்தான் தூங்கினார்கள், கல்யாணமானபோது அந்தக் கேசட்டையும் புடவையோடு எடுத்து வைத்துக்கொண்டு வந்தேன்.

பதிந்ததா ஒரிஜினலா என்று சண்டை போடுகிறீர்கள். உங்களில் எத்தனை பேர் வீட்டில் அக்கா தங்கைகளுக்குச் சொந்தமாக ஒரு கேசட் இருந்தது? அதையும் எழுதுங்கள்.

---

தேரிக்காட்டான்

அம்மா, கேட்க வேண்டிய கேள்வி. எங்கள் வீட்டில் இல்லை. அக்கா என் கேசட்டைத்தான் கேட்டாள். நான் இல்லாதபோது. அவளிடம் கேட்டு எழுதுகிறேன்.

---

இணுவிலான்

எங்கட பக்கத்துக் கதையையும் சொல்லத்தான் வேணும்.

1990 ஆனி மாதம் சண்டை திரும்பத் துவங்கினதோட யாழ்ப்பாணத்தில கரண்ட் நின்டு போச்சு. பற்றறியும் தடைசெய்த சாமான். அப்ப பாட்டுக் கேக்கிறதெண்டால் சைக்கிள் டைனமோதான். சைக்கிளக் கவிட்டு வைச்சு, பெடலக் கையால சுத்த வேணும். டைனமோவில இருந்து வாறது 6 வோல்ட், அதுவும் ஏசி. நேர றேடியோவுக்குக் குடுத்தால் உறுமும். நாலு டயோட்டும் ஒரு கப்பாசிற்றரும் போட்டு டிசியாக்கித்தான் குடுக்கிறது. எங்கட ஒழுங்கையில ஏஎல் படிச்ச அண்ணை ஒராள்தான் எல்லா வீட்டுக்கும் அதைச் செய்து குடுத்தவர். பின்னேரம் பிபிசி தமிழோசைக்கு ஒருக்கா சுத்துறது. அது செய்தி, அதுக்கு எல்லாரும் முறை வைச்சுச் சுத்துவினம். பாட்டுக்குச் சுத்திறதெண்டால் நீ உன்ர கையால சுத்து.

எனக்கு முதல் கிடைச்ச கசற் மாமி தந்தது. கனடாவுக்கு வெளிக்கிடேக்க, "இது இனி உன்ர" எண்டு தந்தவ. ஒரு பக்கம் பொப் பாட்டுகள். ஏ. ஈ. மனோகரன் பாடின 'சுராங்கனி', நித்தி கனகரத்தினத்தின்ர 'சின்ன மாமியே'. மற்றப் பக்கம் கோயில் திருவிழாவில ஆரோ பதிஞ்ச யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின்ர தவில். பொப்புக்கும் தவிலுக்கும் என்ன சம்பந்தம் எண்டு கேட்டால், மாமிக்கு ரெண்டும் பிடிக்கும், அவ்வளவுதான்.

கசற் ஓடுற மோட்டருக்குப் பவர் கூடத் தேவை. றேடியோவ விட வேகமாச் சுத்த வேணும், ஒரே சீராச் சுத்த வேணும். கை களைச்சால் பாட்டும் இழுபடும், மனோகரன்ர குரல் கிழவன்ர குரலாப் போகும். பொப் பாட்டுக்கு அது தெரியும். தவிலுக்கு இன்னும் வடிவாத் தெரியும், தனி ஆவர்த்தனம் நடக்கேக்க காலம், அதாவது வேகம், விழும். அந்த மனுசன் வாசிக்கிற வேகத்துக்கு என்ர கை ஈடுகுடுக்க வேணும். நான் தாளம் பழகினது அப்பிடித்தான். இப்ப ரொறன்ரோவில பிள்ளையளுக்கு மிருதங்கம் சொல்லிக் குடுக்கிறன், காலப்பிரமாணம் எண்டு வாயால சொல்லேக்க கையில இப்பவும் அந்தப் பெடல்தான் நிக்கும்.

1995 ஐப்பசி (ஒக்ரோபர்) 30, சண்டையால வலிகாமத்துச் சனம் முழுக்க ஊரை விட்டு வெளிக்கிட்ட அண்டைக்கு கசற் வீட்டிலதான் நின்டது. பாட்டுகள் எல்லாம் இப்ப நெற்றில இருக்கு. அந்தத் தவில் மட்டும் இல்லை. அவர் வாசிச்ச வேற பதிவுகள் கேட்டனான், மாமி தந்த பதிவு இல்லை அது. கோயில் திருவிழாவுகளில தனிப்பட்ட ஆக்கள் பதிஞ்ச கசற்றுகள் ஆரிட்டயும் இருந்தால் தயவுசெய்து எறிஞ்சு போடாதேங்கோ. கொம்பனி வெளியிட்ட தட்டுக்கு எங்கயாவது இன்னொரு பிரதி இருக்கும். இதுக்கு இல்லை.

---

ஊசியும்தட்டும்

இணுவிலான், உங்கள் பதிவைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. தெட்சணாமூர்த்தியைப் பற்றி இங்கே பெரியவர்கள் பேசக் கேட்டிருக்கிறேன். தனிப்பட்டவர்கள் பதிந்த கேசட் பற்றி நீங்கள் சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். அந்த மாதிரிக் கேசட்டுக்குத் தட்டைவிட மதிப்பு அதிகம்.

ஆனாலும் பெயர் விஷயத்தில் நான் இறங்கி வரப்போவதில்லை. காவிரிப் படித்துறை சொன்ன மாதிரி சினிமாத் தட்டு உறையிலேயே வாத்தியக்காரர் பெயர் இல்லை என்பதுதான் என் ஆத்திரமே. பதிந்த கேசட் அந்தக் குறையை இன்னும் ஒரு படி கீழே கொண்டுபோனது. எத்தனையோ பாட்டில் இடையிசையில் வருகிற புல்லாங்குழலை நாம் வாயால் பாடிக்காட்டுவோம், ஊதியவர் பெயர் தெரியாது.

---

ஆவடி லோக்கல்

நான் இங்கே பலரைவிடச் சின்னவன். பெயர் விஷயத்தில் ஊசியும்தட்டும் சார் பக்கம்தான் நான், அதற்கு என்னிடம் காரணம் இருக்கிறது.

எங்கள் செட்டுக்கு முதல் தொகுப்பு என்றால் எம்பி3 சிடி. பர்மா பஜாரில் வாங்குவது. ஒரு சிடியில் நூறு பாட்டுக்குமேல் இருக்கும். 700 எம்பியில் எத்தனை அடங்குமோ அத்தனையையும் திணித்திருப்பார்கள். பாட்டுகள் ஃபைல் பெயரின் ஆங்கில அகரவரிசையில் வரும். அதனால் ஏ-யில் தொடங்கும் பாட்டுகள் எல்லோருக்கும் அத்துப்படி, டி-க்கு மேல் யாரும் போனது கிடையாது. எந்தப் படம், யார் பாடியது, ஒன்றும் இருக்காது. இசையமைப்பாளர் பெயர்கூடப் பல சமயம் தப்பாக இருக்கும். அதை என் முதல் ஆல்பம் என்று நானே சொல்லமாட்டேன்.

நான் கணக்கில் வைப்பது ரஹ்மானின் 'வந்தே மாதரம்' கேசட். 1997-இல், சுதந்திரத்தின் ஐம்பதாவது ஆண்டுக்கு சோனி மியூசிக் வெளியிட்டது. அப்பா பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்தார். எனக்கு அப்போது அதன் அருமை புரியவில்லை, ஆனால் உள்ளே மடித்து வைத்திருந்த தாளை விரித்து விரித்துப் படித்திருக்கிறேன். ரஹ்மான் கேசட்டுகளில்தான் கிடார் யார், பேஸ் யார், ஒலிப்பதிவு யார் என்று பெயர் பெயராக இருக்கும். பாட்டு என்பது பாடுகிறவரும் இசையமைப்பாளரும் மட்டும் இல்லை, உள்ளே பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அந்தத் தாளைப் பார்த்துத்தான் எனக்கு உறைத்தது. நான் இன்றைக்கு ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஒலிப்பதிவாளர் என்றொரு வேலை இருக்கிறது என்று முதலில் எனக்குச் சொன்னதே அந்தத் தாள்தான். இப்போது செயலியில் பாட்டுக் கேட்கிற பையனுக்கு அதை யார் சொல்வார்கள்? பெயர் இருந்தாலும் மூன்று இடம் தட்டி உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

---

தேரிக்காட்டான்

அக்காவிடம் பேசினேன். அவள் முதன்முதலாகச் சொந்தமாக வாங்கியது எது என்று கேட்டதற்கு, கல்யாணத்துக்கப்புறம் பம்பாயில் இருந்தபோது வாங்கிய சூலமங்கலம் சகோதரிகளின் 'கந்த சஷ்டி கவசம்' என்றாள். அங்கே அக்கம்பக்கத்தில் தமிழ் பேச ஆளில்லை, காலையில் அது ஓடினால்தான் வீடு வீடாக இருந்தது என்றாள். இத்தனை வருடத்தில் நான் இதைக் கேட்டதே இல்லை. வைகைக்கரை அம்மாவுக்கு நன்றி.

இன்னொன்று. என் பழைய சி-60 இன்னும் பரணில் இருக்கிறது. நேற்று எடுத்துப் பார்த்தேன். கண்ணாடி வழியாகப் பார்த்தால் டேப்பில் ஒரு ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. முன்பக்கம் நடுவில் ஒரு சின்னப் பஞ்சு மாதிரி இருக்குமே, அதைக் காணோம். ஓட்டிப் பார்க்கலாமா? காவிரிப் படித்துறை அண்ணன் சொன்னால் நல்லது.

---

காவிரிப் படித்துறை

இப்போதைக்கு ஓட்டாதீர்கள். வெள்ளையாக இருப்பது பூஞ்சை. அப்படியே ஓட்டினால் டேப்பும் போகும், பெட்டியில் டேப்பைப் படிக்கிற ஹெட்டிலும் ஒட்டும், அதே பெட்டியில் அடுத்துப் போடுகிற கேசட்டுக்கும் பரவும். முகத்துக்கு மாஸ்க் போட்டுக்கொண்டு வேலை பாருங்கள்.

அந்தப் பஞ்சு, டேப்பை ஹெட்டோடு சேர்த்து அழுத்துவதற்கு இருக்கிறது. அது இல்லாவிட்டால் ஒலி மங்கியும் விட்டுவிட்டும் வரும். பசை காய்ந்து விழுந்திருக்கும். அதனால் கேசட்டின் வெளி ஓட்டை மாற்றுவதுதான் வழி. உங்கள் சோனியில் மூலைக்கொன்றாக நாலு, நடுவில் ஒன்று என்று திருகாணி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கழற்றலாம். ஒட்டின வகையாக இருந்தால் நீங்களாக உடைக்க வேண்டாம், தெரிந்தவர் கையில் கொடுங்கள். திருகாணி உள்ள வேறொரு கேசட்டை வாங்கி, இரண்டையும் மேசையில் படுக்க வைத்துத் திறந்து, டேப் சுற்றிய இரண்டு சக்கரத்தையும் அப்படியே தூக்கிப் புது ஓட்டில் வையுங்கள். எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று முதலிலேயே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டேப்பின் அகலம் நாலு மில்லிமீட்டர்கூட இல்லை, முறுக்கிக்கொண்டால் நேராக்குவது கஷ்டம். பூஞ்சையை உலர்ந்த மென்மையான துணியால், டேப்பை மெதுவாகக் கையால் சுற்றிக்கொண்டே துடைக்க வேண்டும். தண்ணீர் படவே கூடாது.

பிறகு ஒரு தடவை முன்னும் பின்னும் முழுதாக ஓட்டி இறுக்கம் தளர்த்துங்கள். ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துக்கொள்ளுங்கள். ஒலி மந்தமாக இருந்தால் ஹெட் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்குரூ இருக்கும், துளித்துளியாகத் திருப்பினால் ஒரு இடத்தில் ஜால்ரா ஒலி தெளிந்து வரும். அங்கே நிறுத்துங்கள். கணினிக்கு ஏற்றும்போது மைக் துளையில் செருகாதீர்கள், லைன்-இன்னில் செருகுங்கள். முதலில் எம்பி3-யாக வேண்டாம், ஒலியைச் சுருக்காத வேவ் ஃபைலாக வைத்துக்கொள்ளுங்கள். இரைச்சலைச் சுத்தம் செய்கிறேன் என்று மென்பொருளில் ரொம்ப விளையாடினால் வயலினின் நுனி போய்விடும். இணுவிலான் தம்பி சொன்ன மாதிரிக் கோயில் பதிவு ஏதாவது வைத்திருப்பவர்களும் இதே முறையில் செய்யலாம். ஈரோடு, சேலம் பக்கம் யாராவது இருந்தால் தனிமடல் அனுப்புங்கள், நானே செய்து தருகிறேன். காசு வேண்டாம்.

---

இணுவிலான்

அண்ணை, நன்றி. இதை அப்பிடியே எடுத்து எங்கட ஊர்ச் சங்கத்துக்கு அனுப்பிறன். ரெண்டு மூண்டு பேரிட்டக் கோயில் கசற் இருக்கெண்டு தெரியும்.

---

பெருமாள்கோயில் தெரு

புதிதாக வந்திருக்கிறேன். ஒரு சந்தேகம். பாட்டே இல்லாத கேசட் இந்த இழையில் சேருமா? என் முதல் கேசட் 'விதி' படத்தின் வசனம்.

---

தேரிக்காட்டான்

கட்டாயம் சேரும். எழுதுங்கள்.

---

பெருமாள்கோயில் தெரு

1984. ஆரூர்தாஸ் எழுதிய வசனம். அந்த வருடம் எங்கள் கும்பகோணத்தில் டீக்கடை, சலூன், காதுகுத்து வீடு எங்கே போனாலும் அந்தக் கோர்ட் சீன் ஓடிக்கொண்டிருக்கும். சுஜாதா வக்கீலாக நின்று பேசுவதைக் கேட்கத் தெருவில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திவிடுவார்கள். எனக்குக் கண் பார்வை சிறு வயதிலேயே போய்விட்டது. படம் பார்த்துவிட்டு வந்து ஆளுக்கொரு விதமாகக் கதை சொல்வார்கள். அந்தக் கேசட்டை மாமா வாங்கித் தந்தபோதுதான் யாரும் இடையில் விளக்கம் சொல்லாமல் ஒரு படத்தை முழுதாக நானே அறிந்தேன். குரலை வைத்து யார் எங்கே நிற்கிறார்கள், யார் அழுகையை அடக்குகிறார்கள் என்று எல்லாம் தெரிந்தது. அதற்கப்புறம் எங்கள் தெருவில் 'விதி' கதையை மற்றவர்களுக்குச் சொன்னது நான்தான், குரல் மாற்றி மாற்றி, வசனம் பிசகாமல்.

'திருவிளையாடல்' வசனத் தட்டும் எங்கள் கோயில் திருவிழாவில் போடுவார்கள். அதைப் பற்றி நாளைக்கு எழுதுகிறேன், தட்டச்சு செய்ய எனக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.